முதல் விண்கலங்களும் கைரோஸ்கோப்பும்: கேள்வி பதில்

1930-களிலிருந்து 1973-இல் சென்ற அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாப் வரையிலான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. கைரோ (கைரோஸ்கோப்) என்பது வேகமாகச் சுழன்று தன் அச்சின் திசையை விடாமல் காக்கும் சக்கரம். அந்த ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகளைப் போட்டுக் குழப்புகிறோம். கலம் எவ்வளவு திரும்பியது என்று உணர்வது ஒன்று. கலமே தன்னைச் சுற்றிக்கொண்டு திசை மாறாமல் இருப்பது இன்னொன்று. உள்ளே சுழலும் கனமான சக்கரத்தைச் சாய்த்துக் கலத்தைத் திருப்புவது மூன்றாவது. எதைக் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ராக்கெட்டில் கைரோவை முதலில் பயன்படுத்தியவர்கள் ஜெர்மானியர்கள்தானே?

இல்லை. அமெரிக்கர் ராபர்ட் கோடார்ட் 1932-லேயே முயன்றார். 1935 மார்ச் 28 அன்று நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் அருகே அவர் ஏவிய ராக்கெட், கைரோவின் கட்டுப்பாட்டில் சுமார் 1,460 மீட்டர் உயரம் சென்றது. ஜெர்மனியின் போர் ராக்கெட்டான வி-2 முதன்முதலில் வெற்றிகரமாகப் பறந்தது 1942 அக்டோபர் 3 அன்று. அதிலும் கைரோக்கள் உணர மட்டுமே செய்தன. ராக்கெட்டைத் திருப்பியவை தீப்பிழம்புக்குள் நீட்டிக்கொண்டிருந்த கிராஃபைட் தகடுகளும் வெளிச் சுக்கான்களும். நான் முதலில் சொன்ன வேறுபாடு இங்கேயே தொடங்குகிறது.

எக்ஸ்புளோரர்-1 பம்பரம் போலச் சுழன்றும் ஏன் கவிழ்ந்தது?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். 1958 ஜனவரி 31 இரவு ஏவப்பட்ட அந்த முதல் அமெரிக்கச் செயற்கைக்கோள் இரண்டு மீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட ஒல்லியான குழாய். நீளவாட்டு அச்சைச் சுற்றி நிமிடத்துக்குச் சுமார் 750 சுற்று என்ற வேகத்தில் சுழலவிட்டார்கள். வளையாத திடப்பொருளுக்கு ஆய்லர் எழுதிய சமன்பாடுகளின்படி அந்தச் சுழற்சி நிலையானது. சில மணி நேரத்திலேயே கலம் தலைகுப்புறப் புரளத் தொடங்கிவிட்டது.

காரணம், அதன் இடுப்பிலிருந்து நீண்டிருந்த நான்கு மெல்லிய ஆன்டெனாக்கள். சுழற்சியில் சிறு தள்ளாட்டம் இருந்தாலும் அவை வளைந்து நிமிர்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. ஆனால் வெளியிலிருந்து முறுக்கு விசை எதுவும் இல்லாததால் கோண உந்தம் (சுழற்சியில் இருக்கும் உந்தம்) குறைய வழியில்லை. உந்தம் மாறாமல் ஆற்றல் மட்டும் குறைய வேண்டுமானால், நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) மிகுந்த அச்சுக்குச் சுழற்சி மாறியாக வேண்டும். ஒல்லிக் குழாய்க்கு அந்த அச்சு குறுக்கே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் இருந்த பிரேஸ்வெல், ஓவன் கேரியட் இருவரும் 1958-லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். சுழற்சியால் நிலைபெறும் செயற்கைக்கோள்களைத் தட்டையான உருளையாகச் செய்யும் வழக்கத்துக்கு அடிப்படை இதுதான். 1960 ஏப்ரல் 1 அன்று சென்ற வானிலைச் செயற்கைக்கோள் டைரோஸ்-1 அந்த வடிவம்தான்.

ஆன்டெனாக்கள் இல்லாதிருந்தால் கவிழ்ந்திருக்காது, சரியா?

மெதுவாகக் கவிழ்ந்திருக்கும். முழுத் திடப்பொருள் என்று உலகில் எதுவும் கிடையாது.

மூன்று அச்சிலும் நிலைநிறுத்தப்பட்ட முதல் கலம் சோவியத் நிலவுக் கலமான லூனா-3 தானே? நான் இயற்பியல் ஆசிரியர், அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

மாற்றிச் சொல்லிக்கொடுங்கள். 1959 ஏப்ரல் 13 அன்று சென்ற அமெரிக்க டிஸ்கவரர்-2 அதற்கு முந்தியது. கைரோக்களும், பூமியின் விளிம்பை அகச்சிவப்பில் பார்க்கும் உணரியும், வாயுத் தாரைகளும் சேர்ந்து அதைச் சுற்றுப்பாதையில் மூன்று அச்சிலும் நிறுத்தின.

அதே ஆசிரியர்: டிஸ்கவரர்-2 பூமிக்குத் திருப்பி அனுப்பிய கூடு தொலைந்துபோனதே. தோல்வியை எப்படி முதல் என்பது?

கூடு தவறான நேரத்தில் பிரிந்து ஆர்க்டிக் தீவான ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கம் இறங்கியது. அது நேர அமைப்பில் நேர்ந்த பிழை, திசையமைவில் நேர்ந்தது அல்ல.

இன்னொருவர்: ரகசிய உளவுத் திட்டத்தின் அறிவிப்பை நம்பலாமா?

டிஸ்கவரர் என்ற பெயருக்குப் பின்னால் இருந்த கரோனா உளவுத் திட்டம் 1995 வரை ரகசியம்தான். ஆனால் மறைக்கப்பட்டது கேமராவின் நோக்கம். டிஸ்கவரர்-2-இல் கேமராவே இல்லை.

லூனா-3-இன் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. லூனா-3-இன் திசையமைவைச் செய்த சோவியத் பொறியாளர் ரவுஷென்பாக் குழுவின் வேலை அதைவிடக் கடினமானது. 1959 அக்டோபர் 7 அன்று, நிலவிலிருந்து சுமார் 65,000 கிலோமீட்டர் தொலைவில், சுழன்றுகொண்டிருந்த கலத்தை நிறுத்தி, ஒரு முனையைச் சூரியனுக்கும் மறுமுனையை நிலவுக்கும் காட்டி, மனிதர் பார்த்திராத மறுபக்கத்தை 29 படங்கள் எடுக்க வைத்தார்கள். பூமியின் விளிம்பு துணைக்கு இல்லாத இடத்தில் ஒரு கலம் இலக்கைப் பார்த்து நின்றது அதுவே முதல்முறை. வகுப்பில் இரண்டையும் சொல்லுங்கள், ஐயா. இந்த விவாதம் போதும்.

கைரோ இருக்கும்போது, பூமியின் விளிம்பைப் பார்க்கும் அடிவான உணரி எதற்கு?

கைரோ தொடங்கிய திசையை நினைவில் வைத்திருக்கும். பூமி எங்கே என்று அதற்குத் தெரியாது. நேரம் போகப்போக நினைவும் விலகும். அதனால் வெளியே பார்க்கும் ஒரு கண் வேண்டும். அந்தக் கண் பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு 1960 மே மாதத்து சோவியத் கலமான கொராப்ல்-ஸ்புட்னிக் சாட்சி. அகச்சிவப்பு உணரி ஏமாற்றியதால் கலம் தவறான பக்கம் நோக்கி நின்றது. வேகத்தைக் குறைக்க வேண்டிய எஞ்சின் அதை இன்னும் உயரமான பாதைக்குத் தள்ளிவிட்டது.

அப்போலோவில் கைரோ பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

பூட்டிக்கொள்வது கைரோவைத் தாங்கும் வளையங்கள். மூன்றே வளையங்கள் இருந்ததால், நடுவளையம் 90 பாகையை நெருங்கும்போது மற்ற இரண்டின் அச்சுகளும் ஒரே கோட்டில் வந்துவிடும். பிறகு ஒரு திசைத் திருப்பத்தை, வளையங்களுக்குள் கைரோக்களைச் சுமக்கும் மேடையால் ஈடுசெய்ய முடியாது. முந்தைய அமெரிக்கக் கலமான ஜெமினியில் நான்கு வளையங்கள் இருந்ததால் இந்தத் தொல்லை இல்லை.

கைரோவே கலத்தைத் திருப்பும்போது உந்திகள் எதற்கு?

முதல் பத்தியைப் படியுங்கள். அப்போலோவின் கைரோக்கள் எதையும் திருப்பவில்லை.

சரி, எந்தக் கலத்தில்தான் திருப்பின?

மனிதர் சென்ற கலங்களில், பெரிய அளவில், ஸ்கைலாபில். 1973 மே 14 அன்று சென்ற அந்த நிலையத்தில் மூன்று பெரிய கட்டுப்பாட்டுக் கைரோக்கள் நிமிடத்துக்குச் சுமார் 9,000 சுற்று வேகத்தில் ஓடின. ஒன்று சாயும்போது நிலையம் எதிர்ப்புறம் திரும்பும். ஒரே பக்கமாக வரும் விசைகளை வாங்கி வாங்கி அவை நிரம்பிவிடும். சேர்ந்த உந்தத்தை, இரவுப் பக்கம் கடக்கும்போது நிலையத்தைச் சாய்த்துப் பூமியின் ஈர்ப்பு வேறுபாட்டால் இறக்கினார்கள். நவம்பரில் ஒன்று நின்றுபோனது. 1974 பிப்ரவரியில் வீரர்கள் திரும்பும்வரை மீதி இரண்டே தாங்கின.

தொல்லை கொடுத்தவை உணரும் கைரோக்களும்தான். உள்ளே இருந்த திரவத்தில் குமிழிகள் தோன்றி அளவீடு விலகியது. ஆறு புதிய கைரோக்கள் கொண்ட தொகுதி ஒன்றை இரண்டாம் குழு எடுத்துச் சென்றது. 1973 ஆகஸ்ட் 24 அன்று ஜாக் லூஸ்மாவும் ஓவன் கேரியட்டும் வெளியே போய் அதன் கேபிளை இணைத்தார்கள். ஆம், எக்ஸ்புளோரர் கட்டுரையை எழுதிய அதே கேரியட்.

ஆரியபட்டாவில் எந்த முறை?

சுழற்சி. 1975 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்டது, குளிர்வாயுத் தாரைகளால் சுழலவிடப்பட்டது. என் கால எல்லையைத் தாண்டுவதால் இத்துடன் விடுகிறேன்.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் கைரோ கெட்டுப்போவது ஏன்?

அது வேறு தலைமுறைக் கருவி. தனியாகக் கேளுங்கள்.

பம்பரம் போலச் சுழன்றால் எந்தக் கலமும் நிலையாக நிற்கும்தானே?

எக்ஸ்புளோரர்-1 பற்றிய பதிலைப் படித்துவிட்டு, எந்த அச்சைச் சுற்றி என்று சேர்த்துக் கேளுங்கள்.