பதில்: முயல் காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறது, பொருக்கைச் சுரண்டி எடுக்கலாமா?

வேண்டாங்க, தயவுசெய்து கை வைக்காதீங்க. இரண்டு வாரமாகச் சொறிகிறது, தலையை உதறுகிறது, காதுக்குள் பழுப்பாகப் பொருக்கு என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெரும்பாலும் காதுச் சிற்றுண்ணிதான், அதாவது காதுக்குள் ஒட்டி வாழும் மிகச் சிறிய பூச்சி. என் முயலுக்கும் வந்தது. உலர்ந்த மரத்தூளை அடுக்கடுக்காக ஒட்டினதுபோல இருக்கும். ஒரு துண்டை நான் பிய்த்ததும் அடியில் தோல் பச்சைப்புண்ணாக இருந்தது, பாவம், துடித்துப்போய்விட்டது. மருந்து போட்டால் பொருக்கு தானாகவே உதிரும்.

முயல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எடை பார்த்து ஐவர்மெக்டின் அல்லது செலமெக்டின் கொடுப்பார். நாய்க்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதில் ஃபிப்ரோனில் இருந்தால் முயலின் உயிருக்கே ஆபத்து.

முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு இந்தப் பூச்சிக்கு ஏறக்குறைய 3 வாரம் ஆகும். அதனால் சொறிவது நின்றாலும் மருத்துவர் சொன்ன அத்தனை தவணையும் போடுங்கள். கூண்டு, விரிப்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்யுங்கள். கூட இருக்கும் முயலுக்கும் சிகிச்சை வேண்டும்.

தலை ஒருபக்கமாகச் சாய்ந்தாலோ, தீனி எடுக்காமல் இருந்தாலோ நாளை வரை காத்திருக்காதீர்கள், உடனே கொண்டுபோங்கள்.