கரும்புள்ளியைச் சுற்றி நகர்வது எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சூரியக் கரும்புள்ளி என்பது வலுவான காந்தப்புலம் உள்ள இடம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் புலம் புள்ளியைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கும் என்றும் படித்தேன். புலம் ஒரு பொருள் அல்லவே, எப்படி நகரும்? நகர்வது வாயுதானா?

ச., கரூர்

அன்புள்ள ச.,

இரண்டுமே நகர்கின்றன. சூரியனின் வாயு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பிளாஸ்மா. அதனால் வாயுவும் காந்தப்புலமும் ஒன்றை விட்டு ஒன்று எளிதில் விலக முடியாது. புலம் வலுத்த இடத்தில் வாயு அதற்கு அடங்கும். தளர்ந்த இடத்தில் வாயு புலத்தை இழுத்துச் செல்லும். கரும்புள்ளியின் அழகே இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுவதுதான்.

கரும்புள்ளியின் நடுவே உள்ள இருண்ட பகுதியான கருநிழலில் புலம் சுமார் 3,000 காஸ் (காஸ் என்பது காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு). பூமியின் மேற்பரப்பில் அரை காஸ்தான். அங்கே கீழிருந்து கொதித்து எழும் ஓட்டத்தையே புலம் அடக்கிவிடுகிறது. வெப்பம் மேலே வருவது குறைவதால்தான் அந்த இடம் இருண்டு தெரிகிறது.

1908இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் இந்தப் புலத்தைக் கண்டறிந்த வானியலாளர் ஹேல், புள்ளிகளைச் சுழல்காற்றுகள் என்று நினைத்தார். 1909 ஜனவரியில் நம் கொடைக்கானல் வானாய்வகத்தில் வானியலாளர் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளியிலிருந்து வரும் ஒளியின் நிறமாலையை ஆராய்ந்தார். சூரிய வட்டின் விளிம்பை நோக்கித் தள்ளியிருந்த புள்ளியில், கருநிழலைச் சுற்றியுள்ள மங்கலான வளையமான புறநிழலின் ஒரு பக்கத்தில் நிறமாலைக் கோடுகள் நீலத்தை நோக்கியும் மறுபக்கத்தில் சிவப்பை நோக்கியும் விலகியிருந்தன. நீலத்தை நோக்கி விலகினால் வாயு நம்மை நோக்கி வருகிறது, சிவப்பை நோக்கி விலகினால் நம்மை விட்டுப் போகிறது என்று பொருள். சுழற்சி அல்ல, நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் வெளிநோக்கி, வினாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் வாயு பாய்கிறது! புறநிழலில் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும் காந்தக்கோடுகள்தான் அதற்குத் தடம். உலகம் இன்றும் எவர்ஷெட் விளைவு என்று சொல்லும் இது நம் மலையில் பிடிபட்டது என்பதைப் பள்ளிகளில் சொல்லித்தர வேண்டும்.

புறநிழலைத் தாண்டினால் அகழி எனப்படும் வளையம். நீங்கள் படித்த நகர்வு பெரும்பாலும் இங்கே நடப்பதாகவே இருக்கும். வடதுருவமும் தென்துருவமுமான சிறுசிறு காந்தத் துணுக்குகள் வெளிநோக்கிச் செல்கின்றன. வேகம் வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். இங்கே இழுப்பது வாயு, இழுபடுவது புலம்.

2010இல் ஏவப்பட்ட சூரியனை ஆராயும் நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலத்தின் காந்தவரைபடங்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பெரிய புள்ளி ஒன்றின் இரண்டு மூன்று நாள் படங்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். அவற்றில் ஒரு துருவம் கருப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரியும். புள்ளியின் ஓரத்தில் இந்தக் கருப்பு வெள்ளைத் துணுக்குகள் கிளம்பி வெளியே செல்வதைக் கண்ணாலேயே தொடரலாம்.