உதையா, குத்தா?

கேள்வி: சென்ற இதழில் ‘குங் ஃபூ’ என்ற பழைய டிவி கேமைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தீர்கள். என் மகனை உட்காரவைத்து ஆடச் சொன்னேன். இரண்டே நிமிடம். “நட, உதை, நட, உதை, அவ்வளவுதானாப்பா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். பழசு என்றாலே பொன்னா?
- கும்பகோணம் வாசகர்

பதில்: இல்லை. அந்தக் காலத்து டிவி கேம்களில் முக்கால்வாசி குப்பை. அவற்றைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் உங்கள் மகன் சொன்னதில் ‘உதை’ என்ற சொல்தான் இடிக்கிறது. அந்த கேமில் உதைக்க ஒரு பட்டன், குத்த இன்னொரு பட்டன். தம்பி இரண்டாவதைத் தொட்டானா?

உதை எட்டும். எதிரி கொஞ்சம் தள்ளி வரும்போதே விழுந்துவிடுவான். குத்து எட்டும் தூரம் குறைவு. அவன் கிட்டத்தட்ட மார்பில் வந்து மோதும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் வந்து கட்டிப்பிடித்துக்கொள்வான், உயிர்க்கோடு மளமளவென்று குறையும், இடமும் வலமுமாகப் பட்டனை ஆட்டி உதற வேண்டும். அப்படியிருந்தும் ஏன் குத்த வேண்டும்? குத்துக்குத்தான் பாயின்ட் அதிகம். பயந்தவனுக்கு உதை, பேராசைக்காரனுக்குக் குத்து. கத்தி வீசுகிறவன் வேறு தலைக்கும் வீசுவான், காலுக்கும் வீசுவான். குனிவதா எகிறுவதா என்று அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். இத்தனையும் வெறும் 40 கிலோபைட்டில். உங்கள் போனில் எடுத்த ஒரு போட்டோ அதில் அடங்காது.

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். சில்வியாவை யாரோ கடத்திவிட்டார்கள், தாமஸ் ஐந்து மாடி ஏறி மீட்கிறான். மீட்டதும் ஆட்டம் மறுபடி முதல் மாடியிலிருந்து, இன்னும் கடுமையாக. பாவம், அவனுக்கு ஓய்வே இல்லை. இந்தப் பெயர்கள்கூட இரவல்தான்: ஜாக்கி சான் படம் ஒன்று ஜப்பானில் ‘ஸ்பார்ட்டன் எக்ஸ்’ என்று ஓடியது, கேமுக்கும் அங்கே அதே பெயர். கேமில் ஒரே நேரத்தில் ஆட்கள் கூடினால் உருவங்கள் மினுக்கும். திரையின் ஒரே கிடைவரியில் எட்டு துண்டுப் படங்களுக்கு மேல் காட்ட முடியாத மெஷின், நாம் ஆடிய அந்த டிவி கேம் மெஷின்.

அப்புறம், பரம்பரையைப் பாருங்கள். 1984-இல் ஐரெம் நிறுவனத்துக்காக, காசு போட்டு ஆடும் மெஷினில் இதை உருவாக்கியவர் தகாஷி நிஷியாமா. ஒவ்வொரு மாடியின் முடிவிலும் ஒரே ஒரு பெரிய ஆளோடு மோத வேண்டும் அல்லவா? அந்த மோதலை மட்டும் தனியே எடுத்து ஒரு கேமாக்கினால் என்ன என்ற யோசனைதான் 1987-இல் கேப்காம் நிறுவனத்தில் அவர் செய்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’. இங்கே நாம் ஆடியது 1985-இல் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற தன் டிவி கேம் மெஷினுக்குக் கொண்டுவந்த வடிவம். ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக அட்டையில் புளுகிய கேசட்டுகளில் உண்மையாகவே இருந்த சிலவற்றில் இதுவும் ஒன்று. ஜப்பானில் இது ஜூனில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘சூப்பர் மாரியோ’. பக்கவாட்டில் திரையை நகர்த்தும் வித்தையில் மாரியோவுக்கு இந்த கேம் ஒரு பயிற்சிக்களம். உங்கள் மகன் மாரியோவை ஏளனம் செய்வானா?

சரி, இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டான் என்றால் முதல் மாடியின் கம்புக்காரனிடம் மாட்டியிருக்கலாம். அவனிடம் தள்ளி நிற்கக் கூடாது, கம்பு எட்டிவிடும். நெஞ்சோடு ஒட்டி நிற்க வேண்டும். இன்னொரு தடவை உட்காரச் சொல்லுங்கள். உதைத்தானா குத்தினானா என்று அவனிடம் கேட்க வேண்டாம், ஸ்கோரைப் பாருங்கள்.