வெயிலிலிருந்து இருட்டுக்குள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேட்னி காட்சிக்குத் தாமதமாகப் போனேன். வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே நுழைந்ததும் நாற்காலி வரிசைகூடத் தெரியவில்லை. ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களோ என்னைப் பார்த்துக் காலை மடக்கி வழிவிட்டார்கள். கண்மணி விரிய இவ்வளவு நேரமா? அப்புறம், முருங்கைக்கீரை தின்றால் மாலைக்கண் வராது என்று ஆச்சி சொல்வாள். அது உண்மையா?

ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

கண்மணி சில நொடிகளிலேயே விரிந்துவிடும். முழுக்க விரிந்தாலும் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய 16 மடங்குதான் கூடும். இருட்டில் பழகிய கண்ணின் உணர்திறனோ லட்சம் மடங்குக்கு மேல் கூடுகிறது. மிச்ச வேலை நடப்பது விழித்திரையில்.

அங்கே, மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் கோல் செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி அடுக்கடுக்காக இருக்கிறது. ஆப்சின் என்ற புரதத்துக்குள் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு வளைந்து உட்கார்ந்திருப்பதுதான் ரோடாப்சின். ஒரே ஒரு ஒளித்துகள் பட்டால் போதும், அந்த வளைவு நிமிர்ந்துவிடும். நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. உடனே புரதமும் உருமாறும், செய்தி கிளம்பும். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நிமிர்ந்த ரெட்டினால் பிறகு ஆப்சினை விட்டுக் கழன்றுகொள்ளும். நிறமும் போய்விடும். தவளையின் விழித்திரையில் இருக்கும் சிவப்பு நிறம், வெளிச்சம் பட்டதும் வெளுப்பதை 1876இல் ஃபிரான்ஸ் போல் (Franz Boll) என்ற ஜெர்மன் உடலியலாளர் நேரிலேயே பார்த்தார். வெயிலில் நடந்து வந்த உங்கள் கோல் செல்களும் அப்படித்தான் வெளுத்திருந்தன. கழன்ற ரெட்டினால் பக்கத்திலுள்ள நிறமிச் செல்களுக்குப் போய், மறுபடி வளைக்கப்பட்டுத் திரும்பிவந்து ஆப்சினில் உட்கார வேண்டும். முதல் சில நிமிடங்களில் தேறுபவை, நல்ல வெளிச்சத்தில் பார்க்க உதவும் கூம்பு செல்கள். கோல் செல்கள் முழுசாகத் தேற அரைமணி நேரமாவது ஆகும்.

ஆச்சி சொன்னது சரிதான். விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933இல் ஜார்ஜ் வால்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டுபிடித்தார். ரெட்டினால் அதிலிருந்துதான் வருகிறது. கீரையிலுள்ள கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். எண்ணெய்ப்பசை இருந்தால்தான் அது நன்றாக உடம்பில் சேரும். அதனால் கொஞ்சம் எண்ணெய் விட்டே வதக்குங்கள்.

ஆனால் எல்லா மாலைக்கண்ணும் கீரையால் தீராது. ரோடாப்சின் மரபணுவிலேயே பிழை இருந்து வருவதும் உண்டு. பொழுது சாய்ந்ததும் வீட்டுக் குழந்தை தடுமாறினால், கீரையோடு நிறுத்தாமல் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.