வருகிறேன் என்று சொல்லிவிட்ட வேலைக்கு வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு 29 வயது. சொந்த ஊர் அவினாசி. கோவையில் ஒரு நூற்பாலையில் ஆறு வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். என் தாய்மாமா சிபாரிசு செய்து, சென்னை அம்பத்தூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் மாதம் 45 ஆயிரத்துக்கு வேலை கிடைத்தது. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன், மார்ச் 16 சேர வேண்டும். மெடிக்கல் டெஸ்ட்கூட அவர்கள் செலவில் முடிந்துவிட்டது. இங்கே ராஜினாமாவும் கொடுத்தாயிற்று. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி 38 ஆயிரம் தருவதாகச் சொல்கிறது. முதலாளியே நேரில் பேசினார், லெட்டர் திங்கள்கிழமை வரும் என்றார். மனைவிக்கு ஏழாம் மாதம், அதனால் வீட்டிலிருந்தே போய்வரும் வேலைதான் எனக்கு வேண்டும். ஆனால் சென்னை லெட்டரில், சேராவிட்டால் ஒரு மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. நண்பர்களில் ஒருவன் எதுவும் சொல்லாமல் போனை எடுக்காதே என்கிறான். இன்னொருவன் பத்து நாள் சென்னையில் சேர்ந்து பார் என்கிறான். மாமா முகத்தில் எப்படி முழிப்பது என்றே தெரியவில்லை.
- பெயர் வேண்டாம், அவினாசி

பதில்:

தம்பி, இதழ் அச்சாகி வருவதற்குள் உங்கள் 16ஆம் தேதி போய்விடும் என்பதால் உங்களுக்குத் தனியாக அன்றே பதில் போட்டுவிட்டேன். இதே நிலைமையில் இன்னும் பல பேர் எழுதுகிறார்கள், அதனால் அந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டி இங்கேயும் தருகிறேன்.

முதலில் திருப்பூர்க்காரர் வாயால் சொன்னதை நம்பி சென்னைக்கு எதுவும் சொல்லிவிடாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் திங்கள் வரும் என்ற லெட்டர் வியாழன் வரை வராமல் போனதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவரிடமே போய், "அங்கே வேண்டாம் என்று சொல்லப் போகிறேன், அதற்கு முன் லெட்டர் கையில் வேண்டும்" என்று நேரடியாகக் கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார். அப்படியே நீங்கள் கணக்குப் பிள்ளை என்பதால் இன்னொன்றையும் கேட்கலாம்: ஆர்டர்கள் எந்த நாட்டிலிருந்து வருகின்றன? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது, அந்த ஒரு நாட்டையே நம்பியிருந்த திருப்பூர் கம்பெனிகள் என்ன பாடுபட்டன என்று அவினாசியில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவுக்கும் போகிறதா, உள்நாட்டு வியாபாரம் உண்டா, போன வருடம் சம்பளம் எந்தத் தேதியில் போட்டார்கள், இதெல்லாம் சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை.

லெட்டருக்காகக் காத்திருப்பதற்கும் ஒரு எல்லை வேண்டும். செவ்வாய் சாயங்காலம் வரை பாருங்கள். அதற்குள் வரவில்லை என்றால் திருப்பூரை மறந்துவிட்டு சென்னைக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். 15ஆம் தேதி ராத்திரி வரை இரண்டையும் கையில் வைத்திருப்பது சரியில்லை.

ஏழாயிரம் குறைவு என்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கடிதத்தில் அந்தத் தயக்கம் தெரிகிறது. அம்பத்தூரில் ஒரு சின்ன வீட்டு வாடகை, அட்வான்ஸ், மாதம் இரண்டு முறை இரவு ரயில், ஹோட்டல் சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். நீங்களே டெபிட் கிரெடிட் போடுகிற ஆள்.

இனி பயத்துக்கு வருவோம். வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போவது கிரிமினல் குற்றம் கிடையாது, போலீஸ் வராது. வந்து வேலை பார் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. அவர்கள் கேட்க முடிந்தது பணம் மட்டும்தான். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, லெட்டரில் எழுதியிருக்கும் தொகை அதிகபட்சம்தான், அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் தரும். அதற்காக அந்த வரியை வெறும் காகிதம் என்று நினைக்கவும் வேண்டாம். விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறை வங்கி, அந்த ஊழியர் சேர்ந்து வேலை பார்த்துவிட்டுப் போனவர், உங்கள் கதை வேறு. இருந்தாலும் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான். அதனால் மெடிக்கல் டெஸ்டுக்கு அவர்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். கேட்காமலே அந்தப் பணத்தைக் கொடுக்க வருகிறவனிடம் ஒரு மாதச் சம்பளம் வேண்டும் என்று சண்டை போட்ட கம்பெனியை நான் பார்த்ததில்லை. ஒருவேளை வக்கீல் நோட்டீஸ் வந்தால் தூக்கி மூலையில் போடாமல் ஒரு வக்கீலிடம் காட்டிப் பதில் அனுப்புங்கள்.

நண்பர்கள் விஷயம். சென்னையில் பத்து நாள் சேர்ந்து பார்க்கச் சொன்னவர் பி.எஃப். பற்றி யோசிக்கவில்லை. உங்கள் யு.ஏ.என்., அதாவது பி.எஃப். அடையாள எண், ஒன்றுதான், 12 இலக்கம், எங்கே போனாலும் அதுவேதான். சென்னைக் கம்பெனி உங்களைப் பதிந்துவிட்டால் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் அதில் ஏறிவிடும், அடுத்த இடத்தில் சரிபார்க்கிறவர்கள் அந்தப் பத்து நாளைத்தான் முதலில் கேட்பார்கள். மூன்று கம்பெனி தாண்டினாலும் அந்தக் கேள்வி வரும்.

போனை எடுக்காதே என்றவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் பல வருடம் கம்பெனிப் பக்கம் உட்கார்ந்து போன் போட்டவள். காலை ஒன்பது மணிக்கு அடையாள அட்டை, கம்ப்யூட்டர், நாற்காலி எல்லாம் தயாராக இருக்கும், ஆள் வரமாட்டார். பதினொரு மணிக்கு ஒரு பையன் வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்து, "அவன் ஊரில் இல்லைங்களே" என்றார். பின்னாலிருந்து, "சபரிமலைன்னு சொல்லும்மா, சபரிமலை" என்று அவன் குரல் தெளிவாகக் கேட்கிறது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் மேனேஜர் முன்னால் நின்று பேச்சு வாங்கியது நான். அதற்கு முந்தைய வாரம்தான், இரண்டாவது இடத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லியிருந்தேன். திரும்பக் கூப்பிட்டபோது அவள் வேறு எங்கோ குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டிருந்தாள். அந்தப் பையன் நான்கு நாள் முன்னால் சொல்லியிருந்தால் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பாள்.

உங்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். மார்ச் 16 என்பது அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு எப்படிப்பட்ட நேரம் என்று உங்களுக்குத் தெரியும். வருட முடிவு, ஸ்டாக் கணக்கு, அது முடிந்ததும் ஆடிட். அவர்கள் உங்களை நம்பி வேலையைப் பிரித்து வைத்திருப்பார்கள். மனம் மாறியதற்காக நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், கம்பெனிகளும் ஆஃபர் கொடுத்துவிட்டு சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் இல்லை என்று சொன்ன கதைகள் எத்தனையோ உண்டு. ஆனால் லெட்டர் கையில் வந்தபிறகும் ஒரு நாள் தள்ளிப்போட்டால் அது உங்கள் தப்பு.

அதனால் லெட்டர் வந்த அன்றே, உங்களைத் தேர்வு செய்தவருக்குப் போன் செய்யுங்கள். எச்.ஆர். பெண்ணுக்கு அப்புறம் மெயில் போட்டுக்கொள்ளலாம். வாட்ஸ்அப் வேண்டாம். பேச வேண்டியது இவ்வளவுதான்: "சார், வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், இப்போது வர முடியவில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்திருக்கிறது, வீட்டு நிலைமையில் அதைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. வருட முடிவில் உங்களைச் சிரமப்படுத்துகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். டெஸ்டுக்கு ஆன பணத்தை அனுப்பிவிடுகிறேன்." அதற்குமேல் விளக்கம் வேண்டாம். எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம் என்று கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மனைவிக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் போகக்கூடாது என்கிறார் என்றெல்லாம் மட்டும் சொல்லாதீர்கள். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு அப்படி ஒரு வார்த்தையை ஏன் வாயில் எடுக்க வேண்டும்? உண்மையே போதுமானதாக இருக்கிறது.

அவர் உடனே ஐந்தாயிரம் கூட்டித் தருகிறேன் என்று சொல்லலாம், கணக்கு ஆளுக்கு மார்ச்சில் கிராக்கி அதிகம். அதற்கு மனம் ஆடும் என்றால் போன் செய்வதற்கு முன்னாலேயே மனைவியோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். வரவில்லை என்று சொன்னபிறகு விலை பேசினால், இவன் சம்பளத்தை ஏற்றத்தான் இந்த நாடகம் போட்டான் என்றுதான் நினைப்பார்.

கடைசியாக மாமா. கம்பெனிக்குப் போன் போவதற்கு முன் மாமாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அரை நாள் முன்னால் போதும். வேறு யார் மூலமாகவாவது கேள்விப்பட்டால் வேலை போனதைவிட அதுதான் அவருக்கு வலிக்கும். கத்துவார், கத்தட்டும், குறுக்கே பேசாதீர்கள். "நானே கம்பெனியில் பேசிக்கொள்கிறேன், நீ சும்மா இரு" என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள், சொல்ல வேண்டியது நீங்கள். அப்புறம் உங்களுக்காக யாரிடம் சிபாரிசு செய்தாரோ அவரிடம் மாமா தன் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளட்டும். மாமா எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. கோவைப் பக்கம் என்றால் போனில் வேண்டாம், பஸ் ஏறி நேரில் போய்விடுங்கள், அதுவும் அத்தை வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து.