அடிபட்ட டால்பின், கடலாமைக்குச் செயற்கைத் துடுப்பு பொருத்தினால் மறுபடி நீந்துமா? பிறகு கடலில் விட முடியுமா?

நீந்தும். ஆனால் செயற்கைத் துடுப்போடு கடலில் விட மாட்டார்கள், விடவும் கூடாது. இரண்டு கேள்விக்கும் சுருக்கமான பதில் இதுதான்.

மனிதர்களுக்குச் செயற்கைக் கால் செய்து பொருத்துவது என் தொழில். அதனால் இப்படி ஒரு விலங்கின் படத்தைப் பார்த்தால், துடுப்பு உடம்போடு சேரும் இடத்தைத்தான் முதலில் தேடுவேன். கால் வைத்துக்கொள்பவரைச் சில நிமிடம் நடக்கவிட்டு, சாக்கெட்டை, அதாவது மிஞ்சிய காலை நுழைக்கும் கூட்டை, கழற்றித் தோலைப் பார்ப்போம். சிவந்திருந்தால், அந்தச் சிவப்பு கொஞ்ச நேரத்தில் மறைகிறதா என்று காத்திருப்போம். மறையவில்லை என்றால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம், சாக்கெட்டைத் திருத்த வேண்டும். அவரே "இங்கே குத்துது" என்று விரலை வைத்துக் காட்டிவிடுவார். டால்பினால் அப்படிக் காட்ட முடியாது. அதன் மேல்தோலும் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பித்துக்கொள்ளும் மென்மையான தோல். உரசினால் சீக்கிரம் புண்ணாகிவிடும்.

இதில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் விண்டர். 2005 டிசம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், நண்டுக் கூண்டின் கயிற்றில் சிக்கிக் கிடந்த டால்பின் குட்டி. பிறந்து சில மாதம்கூட ஆகியிருக்காது. கயிறு இறுக்கியதில் ரத்த ஓட்டம் நின்று, வால் அழுகி விழுந்துவிட்டது. கிளியர்வாட்டர் கடல்வாழ் உயிரினக் காப்பகத்தில் அது பிழைத்துக்கொண்டது, தானாக நீந்தவும் கற்றுக்கொண்டது. ஆனால் மீனைப் போல வாலடியை இடவலமாக ஆட்டி நீந்தியது. டால்பினின் முதுகெலும்பும் தசைகளும் மேலும் கீழும் அசைவதற்காக அமைந்தவை. இப்படியே விட்டால் முதுகெலும்பு வளைந்துவிடும் என்ற பயம் வந்தது. செயற்கை வால் யோசனை இங்கிருந்துதான் தொடங்கியது. பலரும் நினைப்பது போல, விண்டருக்கு நீந்த வராததால் செய்த வால் அல்ல அது. சரியான அசைவை உடம்புக்கு நினைவூட்டத்தான் செய்தார்கள். நாள் முழுக்க மாட்டி வைக்காமல், பயிற்சியாளர் கூடவே இருக்கும்போது கொஞ்ச நேரம் மட்டும் மாட்டிவிடுவார்கள்.

செய்தவர்கள் ஹேங்கர் என்ற செயற்கை உறுப்பு நிறுவனத்தின் கெவின் கேரல், டான் ஸ்ட்ரெம்ப்கா. ஸ்ட்ரெம்ப்காவே செயற்கைக் காலில் நடப்பவர். டால்பினின் வால் துடுப்பில் எலும்பு கிடையாது, முழுக்க உறுதியான நார்த்திசு. விண்டருக்கோ துடுப்பு மட்டுமல்ல, அது சேரும் மூட்டும் போய்விட்டது. எதைப் பிடித்து மாட்டுவது? கூம்பி வழுக்கும் ஈரமான உடம்பில், ஒவ்வொரு உதையிலும் நீர் இழுக்கும்போது கழன்றுவிடக் கூடாது, இறுக்கிப் புண்ணாக்கவும் கூடாது. கடைசியில் தோலோடு ஒட்டி நிற்கும், அதே சமயம் மெத்தென்று இருக்கும் ஒரு ஜெல் உறையை உருவாக்கினார்கள். அந்த ஜெல் பிறகு கால் இழந்த மனிதர்களுக்கு, தோலுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே போடும் லைனர் உறையாகவும் வந்தது. விண்டர் 2021 நவம்பரில் குடல் முறுக்கிக்கொண்டதால் இறந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

விண்டருக்கு முன்பே ஜப்பானில் ஃபுஜி இருந்தது. ஒகினாவா சுராவுமி காட்சியகத்தில் இருந்த இந்த டால்பினுக்கு 2002-ல் நோய் வந்து, வால் துடுப்பில் முக்கால் பங்கை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. டயர் செய்யும் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் ரப்பர் துடுப்பு செய்து கொடுத்தது. ஃபுஜிக்குக் கொஞ்சம் துடுப்பு மிஞ்சியிருந்ததால் பிடித்து மாட்ட ஓர் இடம் இருந்தது. மறுபடி துள்ளிக் குதிக்கும் அளவுக்குத் தேறியது.

ஆமைகள் கதை வேறு. ஜப்பானின் கோபே நகரில் யூ என்ற பெருந்தலை ஆமை, சுறா கடித்து முன் துடுப்புகளில் ஒன்றில் பாதியையும் மற்றதில் மூன்றில் ஒரு பங்கையும் இழந்திருந்தது. முதலில் மீதித் துடுப்பிலேயே மாட்டிப் பார்த்தார்கள்; வலித்தது, இல்லையென்றால் கழன்றது. 2013-ல், 27-வது வடிவத்தில், ஆமையின் ஓட்டின் மேல் ஒரு மேல்சட்டை போலப் போட்டு அதில் துடுப்புகளைப் பொருத்தினார்கள். சுமை வெட்டுப்பட்ட இடத்தை விட்டு, உறுதியான ஓட்டுக்கு மாறியது. செயற்கைக் காலிலும் இதே கணக்குதான்: நுனி தாங்காது, தாங்கும் இடத்தைத் தேடு.

எனக்கு மிகவும் பிடித்தது டெக்சஸின் சவுத் பாட்ரே தீவில் இருந்த ஆலிசன். நான்கு துடுப்பில் மூன்று போய், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வட்டம் போட்டுக்கொண்டே இருந்த பச்சை ஆமை. இழந்த மூன்றையும் செய்து ஒட்டப் பார்ப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளைஞர் வேறு மாதிரி யோசித்தார். துடுப்பே செய்யாமல், நீச்சல் உடை போன்ற ஓர் உறையை உடம்பில் மாட்டி, முதுகில் கார்பன் ஃபைபர் சுக்கான் ஒன்றை நிறுத்தினார்கள். ஒற்றைத் துடுப்பு தள்ள, சுக்கான் திரும்பாமல் பிடித்துக்கொள்ள, ஆலிசன் நேராகப் போனது. எது போய்விட்டது என்று பார்க்காமல் எந்த அசைவு போய்விட்டது என்று பார்த்த புத்திசாலித்தனம் இது. இஸ்ரேலில் இடப்பக்கத் துடுப்புகள் இரண்டையும் இழந்த ஹோஃபெஷ் என்ற ஆமைக்கும் இதே வழிதான். எஃப்-22 போர் விமானத்தைப் பார்த்து முதுகில் இரட்டைத் துடுப்பு வைத்தார் ஒரு வடிவமைப்பு மாணவர்.

சரி, கடலில் ஏன் விடக்கூடாது? கழற்றித் தோலைப் பார்க்க அங்கே ஆள் இல்லை. பாசியும் கொட்டலசும் (படகு, பாறையில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) படியும், பட்டை வலையில் மாட்டும், ஆமை வளர வளர சட்டை இறுகும். அதனால் இவை காலம் முழுக்கக் காப்பகத்திலேயே இருக்க வேண்டியவை. "அப்படியென்றால் எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?" என்று கேட்பவர்கள் உண்டு. தொட்டியில் ஒரு மூலையில் மிதந்து கிடப்பதும் நினைத்த திசைக்கு நீந்துவதும் அந்த விலங்குக்கு ஒன்றல்ல. எனக்கு அது போதுமான காரணம்.

ஒரே ஒரு துடுப்பை இழந்த ஆமைக்கு இதெல்லாம் பெரும்பாலும் வேண்டியதில்லை. காயம் ஆறி, முங்கி இரை தேட முடிந்தால் மூன்று துடுப்போடேயே கடலில் விட்டுவிடுகிறார்கள். அப்படி ஆமைகள் பிழைத்து வாழ்கின்றன.

அப்புறம், கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கயிறோ வலையோ சுற்றிய ஆமை, டால்பின் எதையாவது கரையில் கண்டால், சதைக்குள் இறங்கிய கயிற்றை இழுக்க வேண்டாம். பரிதாபப்பட்டுத் தண்ணீருக்குள் திருப்பித் தள்ளவும் வேண்டாம். வெயில் படாமல் மறைத்து, டால்பினாக இருந்தால் தலை மேலுள்ள மூச்சுத் துளைக்குள் நீரும் மணலும் போகாமல் பார்த்துக்கொண்டு, உடனே அந்தப் பகுதி வனவிலங்கு மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். எவ்வளவு துடுப்பு மிஞ்சும் என்பது கயிறு எத்தனை சீக்கிரம் அகற்றப்படுகிறது என்பதைப் பொறுத்தது.