மழைக்கு உடையும் படம்: டிஷ்ஷை மாற்றக் காசு கொடுக்க முன்

கேள்வி: யாழ்ப்பாணத்துக் காரைநகரில் அம்மா தனியே இருக்கிறார். மாதக் கட்டணம் இல்லாத இந்திய இலவசப் பெட்டியும் 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷும் பூட்டி மூன்று வருடம். ஐப்பசி தொடங்கியதிலிருந்து கொஞ்சம் மழை தூறினாலே படம் சதுரம் சதுரமாக உடைகிறது. செப்ரெம்பர் கடைசியில் நல்ல வெயிலிலும் இரண்டு மூன்று நாள் முற்பகலில் அடியோடு நின்று வந்தது. பார்க்க வந்தவர் எல்.என்.பி. எரிந்துவிட்டது, டிஷ், வயர், பெட்டி எல்லாம் மாற்றவேண்டும், வருடச் சந்தாவும் கட்டவேண்டும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு ஒன்றையும் மாற்றவேண்டாம். சந்தா என்று ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். அம்மாவின் பெட்டியில் வருவது டிடி ஃப்ரீ டிஷ் என்ற இந்திய அரச ஒளிபரப்புச் சேவை. அதற்கு மாதக் கட்டணமும் இல்லை, வருடக் கட்டணமும் இல்லை. அதற்குக் காசு கேட்பவர் உங்கள் அம்மாவை ஏமாற்றுகிறார். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் வயதானவர் தனியே என்றால் இப்படி வந்து நிற்பவர்கள் நிறைய. ‘எல்லாம் மாற்றவேண்டும்’ என்று சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “குவாலிற்றி எத்தனை காட்டுது?” அது சிக்னலின் தரத்தைச் சொல்லும் எண். சிக்னல் மீற்றரையோ பெட்டியின் மெனுவையோ திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் அவரைப் படலையடியிலேயே அனுப்பிவிடுங்கள்.

எல்.என்.பி. என்பது டிஷ்ஷின் முன்னால் தடியில் நிற்கும் மூக்கு. அது எரிந்தால் மழைக்கு மட்டுமல்ல, வெயிலுக்கும் படம் வராது. (செப்ரெம்பரில் வெயிலில் நின்றது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.) மழைக்கு மட்டும் உடைகிறது என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் மழையைத் தாங்க மிச்சம் இல்லை. அந்த மிச்சத்தைத் தின்றது பெரும்பாலும் சோளகக் காற்று. வைகாசியிலிருந்து தென்மேற்கில் இருந்து அடித்த காற்று டிஷ்ஷை மெல்ல அசைத்திருக்கும். வெயில் காலத்தில் அது தெரியாது. 60 சென்ரிமீற்றர் டிஷ் ஒன்றரைப் பாகை விலகினாலே பாதிச் சக்தி போய்விடும். டிஷ்ஷின் ஒரு விளிம்பு மற்ற விளிம்பைவிட ஒன்றரைச் சென்ரிமீற்றர் தள்ளி நின்றால் ஒன்றரைப் பாகை. கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாத அளவு. முதல் மாரி மழை வந்ததும் ஆவணியில் நடந்த பழுது ஐப்பசியில் தெரிகிறது, பழி மழைக்கு.

மழையில்லாத நாளில் பெட்டியின் மெனுவில் இரண்டு கோடுகளைப் பாருங்கள். ஸ்ட்ரெங்த் (சிக்னலின் பலம்) நிறைய இருந்து குவாலிற்றி குறைவாக இருந்தால் டிஷ்ஷின் திசை அல்லது மூக்கின் சரிவு. ஸ்ட்ரெங்த்தே விழுந்து கிடந்தால் வயரும் கொனெக்டரும். இரண்டு எண்களையும் எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் கொனெக்டர், அதுதான் மலிவு. பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு எல்.என்.பி.யில் பூட்டிய கொனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே பச்சையோ கறுப்போ பூத்திருந்தால் கடற்காற்றின் உப்பும் ஈரமும் புகுந்துவிட்டன. துடைத்துப் பூட்டினால் ஒரு மாதமும் நில்லாது. செம்பு பளிச்சென்று வரும்வரை வயரை வெட்டிக்கொண்டு போங்கள், அரை மீற்றர் போனாலும் பரவாயில்லை. புதுக் கொனெக்டருக்கு வெளியே நடுக்கம்பி 2 அல்லது 3 மில்லிமீற்றர் நீட்டி நிற்கவேண்டும். சுற்றியுள்ள பின்னல் கம்பியில் ஒரு மயிரிழைகூட அதைத் தொடக்கூடாது. மேலே ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றுங்கள். வினாகிரி மணக்கும் சிலிக்கன் பசை பூசவேண்டாம், அது செம்பை அரிக்கும். வயர் வீட்டுக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளையமாகத் தொங்கினால் மழைநீர் அங்கேயே சொட்டிப்போகும்.

அடுத்தது திசை. கம்பம் நேராக நிற்கிறதா என்று நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். கம்பம் சரிந்திருந்தால் பிறகு செய்வதெல்லாம் வீண். நட்டுகளைத் தளர்த்துமுன் இப்போதைய நிலையை மார்க்கரால் கோடிட்டு வையுங்கள். செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகை. யாழ்ப்பாணத்திலிருந்து அது வடக்கிலிருந்து வலமாக 125 பாகையில், அதாவது தென்கிழக்குக்குச் சற்றுக் கிழக்கே, 70 பாகைக்கு மேல் உயரத்தில் நிற்கிறது. தலையை நன்றாக அண்ணாந்து பார்க்கும் உயரம். ஆகவே ‘பனை மறைக்குது, வெட்டுங்கோ’ என்பவரை நம்பாதீர்கள். டிஷ்ஷைவிடப் பத்து மீற்றர் உயர்ந்த பனை அந்தத் திசையில் மூன்றரை மீற்றருக்குள் நின்றால்தான் மறைக்கும்.

டிஷ்ஷை ஒரு விரல்நுனி அளவு அசையுங்கள், பெட்டி காட்ட நான்கைந்து வினாடி பொறுங்கள், பிறகு அடுத்தது. ஒருவர் மேலே, ஒருவர் ரீவிக்கு முன்னால். அஸ்பெஸ்ரஸ் கூரையிலோ ஓட்டிலோ ஏறவேண்டாம், இடி முழங்கும்போது கம்பத்தடியில் நிற்கவும் வேண்டாம்.

நம்மூரில் பலர் விடும் பிழை மூக்கின் சரிவு. பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் இங்கே எல்.என்.பி.யை நிமிர்த்திப் பூட்டக்கூடாது. கணக்குப்படி 54 பாகையளவு சரிந்திருக்கவேண்டும். மெல்லத் திருகிக் குவாலிற்றி உச்சத்தில் நிற்கும் இடத்தில் இறுக்குங்கள். நட்டுகள் துருப்பிடித்திருந்தால் இதோடு துருப்பிடிக்காத எஃகு நட்டு மாற்றிக் கிறீஸ் பூசிவிடுங்கள், அடுத்த சோளகத்துக்கு அசையாது.

வெயிலில் நின்ற கதைக்கு வருவோம். அது பழுதே இல்லை. வருடத்தில் இரண்டு முறை, மார்ச் நடுப்பகுதியிலும் செப்ரெம்பர் கடைசி வாரத்திலும், சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். சூரியனின் வானொலி இரைச்சல் சிக்னலை மூடிவிடும். யாழ்ப்பாணத்தில் இந்தச் செயற்கைக்கோளுக்கு அது முற்பகல் 11 மணியை ஒட்டி நடக்கும்: சில நிமிடங்கள், அடுத்தடுத்துச் சில நாட்கள், பிறகு தானாக நின்றுவிடும். புது டிஷ் பூட்டினாலும் வரும், பெரிய டிஷ்ஷுக்கும் வரும். அந்த நாட்களில் டிஷ்ஷைத் தொட்டுத் திருப்பினால் சரியாக நின்றதையும் கெடுத்துவிடுவீர்கள். கலண்டரில் குறித்துவைத்து, அம்மாவுக்கும் சொல்லிவையுங்கள். நாளும் நேரமும் பொருந்தாவிட்டால்தான் வேறு காரணம் தேடவேண்டும்.

இன்னொரு வலையும் விரிப்பார்கள்: டிஷ்ஷை விட்டு, அன்ரெனாவில் பூட்டும் ‘டிஜிற்றல்’ பெட்டி வாங்குங்கள் என்று. இலங்கை 2014இல் தெரிவு செய்தது ஜப்பானிய ஐ.எஸ்.டி.பி.-ரி முறை. இந்தியாவின் தரைவழி முறை டி.வி.பி.-ரி2. ஒன்றுக்கான பெட்டி மற்றதைப் பிடிக்காது. முடிவெடுத்து இத்தனை வருடமாகியும் இலங்கை ஒரு சாதாரண அன்ரெனாவில் தெளிவான டிஜிற்றல் படத்தைத் தீவுப்பகுதி வீடுகளுக்குக் கொண்டுவரவில்லை. அதனால்தான் எழுபது வயது அம்மாமார் நட்டையும் வயரையும் நம்பி இருக்கவேண்டியிருக்கிறது. வேலை செய்வதைக் கண்ணால் பார்க்காமல் அப்படி ஒரு பெட்டியை வாங்காதீர்கள்.

இவ்வளவும் செய்து குவாலிற்றி ஏறாவிட்டால், அதே சேவை தெளிவாக வரும் அயல்வீட்டு எல்.என்.பி.யைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். ஏறினால் எல்.என்.பி.யை மட்டும் மாற்றுங்கள். தூறலைத் தாங்கி அடைமழைக்கு மட்டும் உடைந்தால் 90 சென்ரிமீற்றர் டிஷ் போடலாம், இரண்டு மடங்குக்கு மேல் சிக்னல் பிடிக்கும். காற்றும் அதே மடங்கு பிடிக்கும் என்பதால் கம்பம் தடிப்பாக, சீமெந்தில் இறுகியிருக்கவேண்டும்.